அப்பாவுக்கும் சொல்ல மாட்டார்கள்

அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மார்க், டிரான்ஸ்கிரிப்ட், பட்டச் சான்று எல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும். ஆகஸ்ட் வந்தால் சென்னை, கோவை, திருச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். சிம் கார்டு எங்கே வாங்குவது, துவரம்பருப்பு எந்தக் கடையில் மலிவு என்பதையெல்லாம் சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் உங்கள் பெயரில் திறக்கும் கோப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதிதாகப் போகிறவர்களுக்காக அதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. கல்லூரியில் சேர்ந்த அன்றே உங்கள் கல்விப் பதிவுகள்மேல் உள்ள உரிமை பெற்றோரிடமிருந்து உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. இதைச் சொல்லும் சட்டத்தை அங்கே எல்லோரும் ஃபெர்பா என்பார்கள். 1974 ஆகஸ்ட் 21 அன்று ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டது. நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்ததால் பழைய ஆட்கள் பக்லி திருத்தம் என்றும் சொல்வார்கள். மத்தியக் கல்வித் துறையின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனத்தையும் இது கட்டுப்படுத்தும். பெரும்பாலும் எல்லாப் பல்கலைக்கழகமும் வாங்குகிறது. பள்ளியில் 18 வயது வரை உரிமை பெற்றோருடையது. கல்லூரிக்குள் கால் வைத்துவிட்டால் வயது 17 ஆனாலும் அது மாணவருடையது. நீங்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை.

இது நம் வீடுகளில் என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஒரு ஃபோன் அழைப்பு. எங்களுக்குக் காலை ஒன்பதரை, நாமக்கல்லில் இரவு எட்டு. ஒரு அப்பா பேசினார். "மேடம், பொண்ணு என்ன மார்க்குன்னு மட்டும் சொல்லுங்க. அவ சரியாவே பேச மாட்டேங்குறா." என் தமிழைக் கேட்டதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "லோன் எம் பேர்ல இருக்கு. வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சிருக்கேன். எனக்கே சொல்ல மாட்டீங்களா?"

"ஐயா, உங்க பொண்ணு ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா இன்னைக்கே சொல்றேன். இல்லேன்னா என்னால வாயைத் திறக்க முடியாதுங்க."

"நல்ல சட்டம்மா இது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அமெரிக்கப் பெற்றோருக்கு இதில் ஒரு வாசல் உண்டு. தங்கள் வருமான வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்திருப்பவர் என்று காட்டியிருந்தால், கல்லூரி விரும்பினால் அவர்களுக்குச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. நாமக்கல்லில் வரி கட்டும் அப்பாவுக்கு அந்த வாசலும் கிடையாது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் சட்டத்தின் பக்கம்தான். 24 வயதுப் பெண் ஒரு பாடத்தைப் பாதியில் விட்டதை வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் இல்லை.

2. மாணவர் போர்ட்டல் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்பாவுக்கும்தான். நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்த்த பழக்கம் இதுதான். பாஸ்வேர்டு முதலில் அப்பாவிடம் போகும். அவருக்குக் கம்ப்யூட்டர் வராது என்று மாமா பையனிடம் போகும். பிறகு ஃபீஸ் கட்டிக் கொடுக்கும் ஏஜென்ட்டிடம். போர்ட்டலில் மார்க் மட்டுமா இருக்கிறது? பாடத்தைக் கைவிடும் பட்டனும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பட்டனை வேறு யாராவது அழுத்தினால் விசாவே ஆடும். சட்டம் மற்றவர் வழியாகக் கசிவதைத்தான் தடுக்கும், நீங்களே தூக்கிக் கொடுத்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தால் நேர்வழி இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் பெற்றோருக்குத் தனி லாகின் கொடுக்கலாம். ஃபீஸ் பில் மட்டும், அல்லது மார்க்கும் சேர்த்து என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் சம்மதப் படிவம். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் பதிவு, எதற்காக, யாருக்கு. கையெழுத்தும் தேதியும் வேண்டும். மின் கையெழுத்தும் செல்லும். வாய்வார்த்தை செல்லாது. "நான்தான் சொல்றேனே, எங்கப்பாகிட்ட சொல்லுங்க" என்று ஃபோனில் கத்தினாலும் பயனில்லை. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

3. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் முதல் பக்கத்தின் அடியில் உள்ள நாலு வரியைப் படியுங்கள். கையெழுத்து இல்லாமல் விசா இல்லை என்பதால் யாரும் படிப்பதில்லை. உங்கள் விசா நிலையைச் சரிபார்க்கத் தேவையான தகவலை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி தருகிறேன் என்று அங்கே எழுதியிருக்கும். அதாவது எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவருக்கு ஃபெர்பாவின் சுவரில் ஒரு கதவு ஆரம்பத்திலேயே திறந்திருக்கிறது. முழுநேரம் படிக்கிறீர்களா, எந்தப் படிப்பு, எங்கே குடியிருக்கிறீர்கள், படிப்பை நிறுத்தினால் எப்போது, ஏன் என்பதெல்லாம் செவிஸ் என்ற அரசாங்கக் கணினி அமைப்பு வழியாகப் போகும். வீடு மாறினால் 10 நாளுக்குள் டிஎஸ்ஓவிடம், அதாவது வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அதிகாரியிடம், நீங்கள் சொல்ல வேண்டும்.

இதற்குப் பயப்பட வேண்டாம், தெரிந்துகொண்டு நடந்தால் போதும். இன்டர்நேஷனல் ஆபீஸில் டிஎஸ்ஓ அன்பாகத்தான் பேசுவார், உதவியும் செய்வார். ஆனால் அரசாங்கத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறது. "சும்மா மனசுல இருக்கறதைச் சொன்னேன்" என்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்.

4. உங்களைக் கேட்காமலேயே வெளியே சொல்லக்கூடிய ஒரு பட்டியல் இருக்கிறது. சட்டத்தில் இதற்கு டைரக்டரி தகவல் என்று பெயர். பேர், முகவரி, ஃபோன் நம்பர், மின்னஞ்சல், எந்தப் படிப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பட்டம், என்ன பரிசு; விளையாட்டு அணியில் இருந்தால் உயரமும் எடையும்கூட. இதில் எதையெல்லாம் வெளியிடுவோம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அறிவிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மாணவருக்கு அவகாசமும் தர வேண்டும். அந்த அறிவிப்பு வரவேற்பு மெயில் ஒன்றின் அடியில் கிடக்கும்.

சிலர் இதைக் கேள்விப்பட்ட உடனே எல்லாவற்றையும் மூடிவிடப் பார்ப்பார்கள். அவசரப்படாதீர்கள். முழுக்க மூடிவிட்டால் உங்களைப் பற்றி யார் கேட்டாலும் நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அந்தப் பேரில் எங்களிடம் தரக்கூடிய தகவல் எதுவும் இல்லை." பட்டமளிப்பு விழாப் புத்தகத்தில் பேர் வராது. வேலை கொடுக்கும் கம்பெனி பட்டத்தைச் சரிபார்க்கக் கேட்டாலும் அதே பதில் போகும். படிப்பு முடிந்து வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பெனிக்காரன் "நீங்கள் அங்கே படிக்கவே இல்லையாமே" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? என் யோசனை: பகுதியாக மூட வழி இருந்தால் ஃபோனையும் வீட்டு முகவரியையும் மட்டும் மூடுங்கள். இந்திய மாணவர்களைக் குறிவைத்துக் குடியேற்ற அதிகாரி போலப் பேசிப் பணம் பறிக்கும் கும்பல்கள் உண்டு. அவர்களுக்கு உங்கள் நம்பர் சுலபமாகக் கிடைக்கக் கூடாது. முழுப் பூட்டு, யாராவது உங்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கும் நிலை வந்தால் மட்டும்தான். அப்படி வந்தால் அன்றே போடுங்கள்.

முழுக்கப் பூட்டினாலும் வகுப்பில் பேர் தெரியாமல் உட்கார்ந்திருக்க முடியாது. அடையாள அட்டை மாட்ட மாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

இன்னொரு வகை அழைப்பும் எங்களுக்கு வரும்: பெண் வீட்டார். "மாப்பிள்ளை உங்ககிட்டதான் எம்எஸ் படிச்சாராம், உண்மையாங்க?" பட்டம், வருஷம் இரண்டும் பட்டியலில் இருந்தால், அவர் மூடாமல் இருந்தால், ஆமாம் என்று சொல்லலாம். ஜிபிஏ எவ்வளவு என்று கேட்டால் சொல்ல முடியாது. மாமனார் ஆகப்போகிறவர் என்பது சட்டத்தில் ஒரு தகுதி இல்லை.

5. உங்கள் கோப்பை ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். எழுத்தில் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். காட்டுவதுதான் கட்டாயம், நகல் தருவது எப்போதும் கட்டாயமில்லை. ஆனால் நீங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள், நேரில் வர வழியில்லை என்றால் நகலோ வேறு ஏற்பாடோ செய்ய வேண்டும். நகலுக்குக் காசு கேட்கலாம், தேடி எடுத்ததற்குக் கூலி கேட்கக் கூடாது. நீங்கள் கேட்டுவிட்ட பிறகு அந்தப் பதிவை அழிக்கவும் கூடாது.

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்கள் நடத்திய ஃபவுன்டன் ஹாப்பர் என்ற செய்திமடல், இந்த உரிமையை வைத்து உங்கள் அட்மிஷன் கோப்பையே கேட்கலாம் என்று எழுதியது. தங்களைச் சேர்த்துக்கொண்ட அதிகாரிகள் என்ன மதிப்பெண் போட்டார்கள், என்ன குறிப்பு எழுதினார்கள் என்று பார்க்கப் பிள்ளைகள் வரிசையாக விண்ணப்பம் போட்டார்கள். அதன் பிறகு சில பல்கலைக்கழகங்கள் அத்தகைய குறிப்புகளைச் சேர்க்கை முடிந்ததுமே அழித்துவிடும் வழக்கத்துக்குப் போய்விட்டன. சட்டத்துக்குள் நின்றுகொண்டே செய்த காரியம்தான், ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. ஒன்று: இடம் கிடைத்துச் சேர்ந்தவருக்குத்தான் இந்த உரிமை. இடம் கிடைக்காதவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் எதையும் கேட்க முடியாது.

நம் ஊரிலும் 2011-இல் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் தன் திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகும் கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் நண்பர்களிடம் விசாரியுங்கள்.

கோப்பில் தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். அதிலும் தோற்றால் உங்கள் தரப்பை எழுதிக் கொடுத்து அதே கோப்பில் சேர்க்க வைக்கலாம். அந்தப் பதிவை யாருக்குக் காட்டினாலும் உங்கள் கடிதத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஆனால் "எனக்கு ஏ கொடுத்திருக்கணும், பி போட்டுட்டார்" என்ற சண்டைக்கு இந்த வழி உதவாது. பி என்று போட்டதை சி என்று ஏற்றிவிட்டார்கள் என்றால் உதவும்.

6. சிபாரிசுக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும். டிக் அடித்துவிடுங்கள். கடிதத்தைப் பார்ப்பேன் என்று சொல்லும் மாணவருக்குப் பல பேராசிரியர்கள் எழுதத் தயங்குவார்கள். ஆனால் அந்த உரிமையை விட்டால்தான் இடம் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. மனசு சரியில்லை என்றால் கவுன்சலிங் சென்டருக்குப் போங்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து போகாமல் இருக்காதீர்கள். சிகிச்சைக் குறிப்புகளுக்குத் தனி இடம் உண்டு. சிகிச்சை தருபவர்களுக்கு வெளியே போகாதவரை அவை சாதாரணக் கல்விப் பதிவோடு சேராது. முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "இதை யார் யார் பார்ப்பார்கள்?" கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சட்டம் வாயைக் கட்டாத நேரமும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் பல்கலைக்கழகம் பெற்றோரிடமும் போலீஸிடமும் சொல்லலாம். இது தெளிவானது ஒரு பெரிய துக்கத்துக்குப் பிறகு. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் ஒருவர் நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிறகு மாநில ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு பார்த்தபோது, அந்த மாணவன் நிலைமை சரியில்லை என்று ஆசிரியர்களுக்குக் கொஞ்சம், விடுதிக்காரர்களுக்குக் கொஞ்சம், வளாகப் போலீஸுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவன் வீட்டுக்கும் சொல்லவில்லை. தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். சட்டம் அப்படித் தடுக்கவே இல்லை. 2008 டிசம்பரில் கல்வித் துறை விதியைத் திருத்தி, மாணவருக்கோ மற்றவருக்கோ கணிசமான ஆபத்து என்று காரணம் காட்ட முடிந்தால் சொல்லலாம், சொன்ன காரணத்தைக் கோப்பில் குறித்து வைக்க வேண்டும் என்று தெளிவாக்கியது.

உங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. ரூம்மேட் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, செத்துப் போகலாம் என்று பேசுகிறான் என்றால், நீங்கள் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்ல எந்தத் தடையும் இல்லை. கோப்பில் இருப்பதைத்தான் ஃபெர்பா காக்கிறது. உடனே ஃபோனை எடுங்கள்.

இளங்கலை படிப்பவர்களுக்கு ஒரு வரி: 21 வயது ஆகாமல் குடித்து மாட்டினால் பெற்றோருக்குச் சொல்லக் கல்லூரிக்கு உரிமை உண்டு.

8. டிஏ வேலை, அதாவது பேராசிரியருக்கு உதவியாகப் பாடம் நடத்தி விடைத்தாள் திருத்தும் வேலை, கிடைத்துவிட்டால் நீங்கள் மறுபக்கத்துக்குப் போய்விட்டீர்கள். முதல் செமஸ்டரிலேயே 60 பேருடைய மார்க் உங்கள் லேப்டாப்பில் இருக்கும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் ரிசல்ட் பேப்பரில் வருவதையும், முதல் மார்க் வாங்கியவர் ஃபோட்டோ ஃப்ளெக்ஸ் போர்டில் தொங்குவதையும் பார்த்து வளர்ந்தவர்கள்.

திருத்திய பேப்பர் கட்டை அறை வாசலில் பெட்டியில் வைத்து "எடுத்துக்கோங்க" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் தன் பேப்பரைத் தேட மற்ற 59 பேருடைய மார்க்கையும் புரட்டுவார்கள். மார்க் பட்டியலைப் பேர் இல்லாமல், ஐடியின் கடைசி நாலு எண்ணோடு ஒட்டினாலும் மீறல்தான். குறைந்த மார்க் வாங்கியவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மெயில் போட்டால் ஒருவர் பேரை இன்னொருவர் பார்ப்பார். ஒரு வேடிக்கையான விடையை ஃபோட்டோ எடுத்துத் தமிழ் மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தால், வேடிக்கையாக முடியாது. மாணவர் எழுதிய கட்டுரையை அப்படியே ஏதாவது ஏஐ தளத்தில் ஏற்றித் திருத்தச் சொல்லாதீர்கள். பல்கலைக்கழகம் அனுமதித்த கருவியா என்று பேராசிரியரிடம் கேளுங்கள்.

குறிப்பு எழுதுவதிலும் ஜாக்கிரதை. உங்கள் ஞாபகத்துக்காக உங்கள் நோட்டில் எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டது கல்விப் பதிவு ஆகாது. அதையே பேராசிரியருக்கு அனுப்பிவிட்டால் ஆகிவிடும். அந்த மாணவர் கேட்டால் காட்ட வேண்டி வரும். "இவன் சோம்பேறி, காப்பி அடிப்பான்போல" என்று எழுதுவதைவிட "மூன்று ஹோம்ஒர்க் வரவில்லை, நான்காம் கேள்விக்கு விடை பக்கத்து மாணவருடையதோடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்திருக்கிறது" என்று எழுதுங்கள். பிறகு யார் படித்தாலும் வெட்கப்பட வேண்டாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடைய தாளை மாற்றி வைத்துத் திருத்துவது நம் பள்ளிகளில் சகஜம். ஒக்லஹோமாவில் ஒவாசோ என்ற ஊரில் ஒரு தாய் இதுவே ஃபெர்பா மீறல் என்று போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002-இல் நீதிபதிகள் ஒரே குரலில், ஆசிரியர் வாங்கி ஏற்றும்வரை அந்த மார்க் பள்ளியின் பதிவு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அது போகட்டும். ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பகுதி நேர வேலை கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்கிரீனில் எல்லோர் பேரும் வரும் என்பதற்காக ஊர்ப்பையன் மார்க்கைத் தட்டிப் பார்க்காதீர்கள். வேலைக்குத் தேவைப்பட்டால்தான் பார்க்க உரிமை. எங்கள் கணினியில் யார் எதை எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகும்.

9. உரிமை மீறப்பட்டது என்று தோன்றினால் வழக்குப் போட்டுக் கோடி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கொன்சாகா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் பள்ளி ஆசிரியராக விரும்பினார். ஓர் அலுவலர் காதில் விழுந்த குற்றச்சாட்டை அவர் பேரோடு மாநில அதிகாரிகளுக்குச் சொல்லிவிட, ஆசிரியர் சான்றுக்குத் தேவையான நன்னடத்தைக் கடிதம் அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. ஜூரி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2002-இல் உச்ச நீதிமன்றம், ஃபெர்பாவைக் காட்டித் தனிமனிதர் நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று சொல்லி அந்தத் தொகையில் ஃபெர்பாவுக்கான பங்கைத் தள்ளிவிட்டது. அரசாங்கம் பணத்தை நிறுத்தும் என்ற மிரட்டல்தான் இந்தச் சட்டத்தின் பல்.

ஆகவே முதலில் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். பெரும்பாலான விவகாரம் அங்கேயே தீரும், ஏனென்றால் எங்களுக்கும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலிருந்து கடிதம் வருவது பிடிக்காது. உங்கள் பதிவை வெளியாள் யார் வாங்கினார்கள் என்று பெரும்பாலும் நாங்கள் குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பையும் கேட்டுப் பார்க்கலாம். அதிலும் சரியாகாவிட்டால் கல்வித் துறையின் மாணவர் தனியுரிமை அலுவலகத்துக்குப் புகார் போகும். நடந்த நாளிலிருந்தோ உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்தோ 180 நாள் அவகாசம். எந்தப் பதிவு, யார், யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று நாலு வரி எழுதி, கையில் உள்ள மெயில்களையும் சேர்த்து அனுப்புங்கள்.